நல்லா இருக்கிற பிள்ளை

"எம்புள்ள ஒண்ணும் நல்லா இல்ல" என்றாள் எழில்மதி. கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டுதான் சொன்னாள். மிச்சமிருந்த இடைவெளியில் அவளுடைய இரண்டு வயது மகன் அவித்த முட்டையை உள்ளங்கையில் வைத்து நசுக்கி, நசுக்கியதை வாயில் அப்பிக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் கயிறு கட்டினாற்போல் சதை மடிந்து கிடந்தது. வாசலில் நின்ற வினோதா அவனைப் பார்த்துவிட்டாள். பார்த்தது தவறு என்று அடுத்த நொடியே புரிந்தது.

"போன மாசம் காய்ச்சல், பேதி ஏதும் வந்துச்சாக்கா?"

"எல்லாம் வந்துச்சு."

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"எதுக்குப் போவணும்? எம்புள்ள ஆஸ்பத்திரியில கெடக்கணும்னு வேண்டிக்கிட்டு வந்தியா? உம்புள்ள சீக்காளின்னா தெருவுல உள்ளதெல்லாம் சீக்காளியாவணுமா?"

கதவு சாத்திக்கொண்டது. தோளில் தொங்கிய ஐஸ் பெட்டியின் வாரை வினோதா இழுத்துவிட்டுக்கொண்டாள். வீட்டின் பக்கவாட்டில் அடுப்புச் சத்தம் கேட்டது. எழில்மதி மிளகாயும் உப்பும் சுற்றி நெருப்பில் போடுகிறாள் என்பது தெரிந்தது. "நெடியே வரல பாருங்கக்கா. அம்புட்டுக் கண்ணு" என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி குரல் வந்தது. தெருவில் நின்ற வினோதாவுக்கோ மூக்கும் தொண்டையும் எரிந்தன. இருமல் முட்டிக்கொண்டு வந்தது. இருமினால் எழில்மதி பொய் சொல்கிறாள் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஸ்கூட்டி வரைக்கும் நடந்து போனாள்.

வேலை என்னவோ கேட்பதற்கு எளியதுதான். குடலில் புண்ணோ வீக்கமோ இருந்தால் மலத்தில் ஒரு புரதம் கூடுதலாக வரும். கால்ப்ரொடெக்டின் என்று பெயர். அதை அளந்தால், குழாய் விட்டுப் பார்க்காமலேயே குடல் எப்படி இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். எவ்வளவு இருந்தால் அதிகம் என்பதில்தான் சிக்கல். பெரியவர்களுக்கு ஐம்பது என்று கோடு போட்டிருக்கிறார்கள். பால்குடி மறக்காத, மறந்து கொஞ்ச நாளான பிள்ளைகளுக்கு நோய் எதுவும் இல்லாமலேயே அளவு அதற்கு மேலே இருக்கும். எவ்வளவு மேலே? அது தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் ஊருக்கும் தகுந்தபடி மாறலாம். அதனால் காரைக்கால் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இயல்பான அளவு எது என்று கண்டுபிடிக்க மருத்துவமனையில் ஓர் ஆய்வு தொடங்கியிருந்தார்கள். வீடு வீடாகப் போய் நோயில்லாத பிள்ளைகளின் மலத்தைச் சின்ன டப்பாவில் வாங்கிவருவது வினோதாவின் வேலை.

படிவத்தின் முதல் கேள்வி, 'குழந்தை நல்ல ஆரோக்கியத்துடன் உள்ளதா?' தாய் 'ஆமாம்' என்று சொன்னால்தான் இரண்டாவது கேள்விக்குப் போக முடியும். இந்த வரிச்சிக்குடியில் மட்டுமல்ல, தருமபுரத்தில், கருக்களாச்சேரியில், எங்கேயும் எந்தத் தாயும் அந்த வார்த்தையை வாயால் சொல்வதில்லை. கன்னத்தில் மை வைத்து, இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டி, "எங்கங்க, ஒரு வாய் சோறு எறங்க மாட்டேங்குது" என்றுதான் சொல்வார்கள். சோறு இறங்காத பிள்ளை பக்கத்தில் நின்று மூன்றாவது இட்லியைப் பிய்த்துக்கொண்டிருக்கும். அதைச் சொல்லாமல் சொல்லவைக்கக்கூடிய ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆளாக வினோதா இருந்திருக்கலாம், அவளுடைய மகள் கார்முகிலின் கதை ஊருக்குத் தெரியாமல் இருந்திருந்தால்.

கார்முகிலுக்கும் இரண்டு வயது. மழைக்காலத்தில் பேதி பிடித்து, நின்று, மறுபடி பிடித்தபோது வினோதாவின் கணவன் அறிவுச்செல்வன் பிள்ளையை ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்துக்குத் தூக்கிப்போனான். இருநூற்றுப் பத்து என்று கறுப்பாக அச்சடித்து, பக்கத்திலேயே 'ஐம்பதுக்குள் இருக்க வேண்டும்' என்று போட்டுக் கொடுத்தார்கள். பேதி நின்று மாதக்கணக்காகிவிட்டது. அந்த எண் மட்டும் நிற்கவில்லை. அதை மாமியார் பூவாயி தெருக்குழாயில், ரேஷன் கடையில், கோயில் வாசலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். "கொடலெல்லாம் புண்ணாம். நாலு மடங்காம்." திருநள்ளாற்றில் எள் தீபம் போட்டாயிற்று. பிள்ளைக்கு மீன் இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. உப்புப் போட்ட நொய்க்கஞ்சி மட்டும். வருகிற வெள்ளிக்கிழமை புதுச்சேரியில் மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட்டுப் பார்ப்பதற்கு நாளும் குறித்தாயிற்று.

ஆய்வை நடத்துகிற டாக்டர் சோமசேகரனிடம் அன்று மதியம் வினோதா வெறும் பெட்டியோடு போய் நின்றாள். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"ஏம்மா, ஒரு தெரு முழுக்க நோயாளிப் புள்ளைங்கதானா?"

"நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க சார்."

"சொல்றதுல என்னம்மா கஷ்டம்? வரியா கேக்குறோம்?"

ஓரத்தில் டப்பாக்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்த உதவியாளன் நூகு தலையைத் தூக்காமலே கேட்டான். "சார், பேத்தி ஊர்லேந்து வந்திருக்காமுல்ல. எப்படி இருக்கு?"

"ம்... ஏதோ இருக்கா. சாப்பாடுதான் சரியா..." என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திவிட்டார். நூகு எண் ஒட்டுவதில் மும்முரமாக இருந்தான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பு வந்தும் சிரிக்கவில்லை. "சரி, கேள்வியை மாத்தச் சொல்லி கமிட்டிக்கு எழுதுறேன். ரெண்டு மாசமாவது ஆவும்" என்றார்.

வினோதா அசையாமல் நின்றாள். எதற்காக நிற்கிறாள் என்பது அவருக்குத் தெரியும்.

"உம்புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னுதான் எனக்குத் தோணுது. எடை ஏறுது, பேதி இல்ல. ஆனா தோணுறத எழுதிக் குடுக்க முடியாது. உங்க ஊருத் தண்ணி குடிக்கிற, அதே வயசுப் புள்ளைங்க நாலு பேரோட அளவு நாளைக்குள்ள கையில இருந்தா, குழாயைத் தள்ளிப்போடுங்க, திருப்பி ஒருதரம் அளந்து பாக்கலாம்னு அந்த டாக்டருக்கு நானே எழுதுவேன்."

வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. நாலு பிள்ளைகள். ஊரில் நல்லா இருக்கிற பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. இருக்கிறதைச் சொல்லத்தான் ஆளில்லை. சாயங்காலம் இன்னும் இரண்டு தெருக்களில் கேட்டுப் பார்த்தாள். ஒருத்தி பிள்ளையை வாரியெடுத்து உள்ளே ஓடினாள். இன்னொருத்தி வாசலிலேயே வைத்துக் கேட்டாள். "வயித்துல புண்ணு உள்ள புள்ளைய வச்சிக்கிட்டு நல்ல புள்ளைங்களோடத எதுக்குத் தேடுற? அதுலேந்து எடுத்து இதுக்கு மாத்தவா?" அவள் கேலிக்குச் சொல்லவில்லை. அவள் கண்ணில் உண்மையான பயம் இருந்தது. பயந்த மனிதர்களிடம் கோபப்பட வினோதாவுக்கு வரவில்லை. பிறந்த வீட்டில் அவளை அப்படி வளர்த்திருந்தார்கள். ஆனால் அந்த வளர்ப்பு இந்த வாரம் ரொம்பவும் இற்றுப்போயிருந்தது.

வீட்டில் பூவாயி காத்திருந்தாள். "வந்துட்டா. ஊரான் வீட்டுப் பீய அள்ளப் போறவளுக்கு சொந்தப் புள்ள வயித்தப் பாக்க நேரமில்ல."

"குழாய் வேணாம்னு டாக்டர் நெனைக்கிறாரு அத்தை. நாலு டப்பா கெடைச்சா..."

"எழுத்துல குடுத்தாரா?"

"இல்ல."

"அப்பறம் என்ன பேச்சு. ஒந்தாய் வீட்டுல எல்லாருக்கும் வயிறு மோசம். அந்தப் பாலக் குடிச்ச புள்ள வேற எப்படி இருக்கும்."

பூவாயியின் தலைப்பிள்ளை தவழ்கிற வயதில் பேதியில் போய்விட்டது என்று கல்யாணமான புதிதில் அறிவுச்செல்வன் சொல்லியிருக்கிறான். அந்தப் பிள்ளையைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பூவாயி மட்டும் கார்முகிலின் பாவாடையை ஒவ்வொரு முறையும் முகர்ந்து பார்ப்பாள், அலசிய பிறகும் முகர்வாள். அந்த மூக்கையும் இந்த வாயையும் சேர்த்துப் பார்க்க வினோதா எத்தனையோ முறை முயன்றிருக்கிறாள். வாய் முந்திக்கொண்டுவிடும். இப்போதும் பூவாயி கஞ்சியைக் கலக்கிக்கொண்டு பின்பக்கத்து வேலியைப் பார்த்துச் சத்தம் போட ஆரம்பித்திருந்தாள். "எல்லாம் அந்தத் தொட்டித் தண்ணிதான். பீத்தொட்டிய நம்ம போரு பக்கத்துல கட்டி வச்சிக்கிட்டு அவ மவன் கொழுத்துத் திரியிறான்."

வேலிக்கு அந்தப் பக்கம் ஜஸீலா வீடு. அவள் கணவன் அஜ்மீர் ஷார்ஜாவில் இருக்கிறான். மகன் இஃபாத்துக்கும் இரண்டு வயது. கார்முகிலின் எண் வந்த வாரமே பூவாயி கொம்யூன் பஞ்சாயத்தில் மனு கொடுத்து, நோன்பு மாதத்தில் அந்த வீட்டுக் கொல்லையைத் தோண்ட வைத்துவிட்டாள். தொட்டியில் கசிவு இல்லை. ஆனால் நோன்பு திறக்கிற நேரத்தில் அந்த வீடு முழுக்க நாற்றம். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் முகம் பார்க்கிற வழக்கம் இல்லை. ஊரில் எல்லா வாசலிலும் ஏறி இறங்கிய வினோதா அந்த ஒரு வாசலை மட்டும் விட்டுவிட்டிருந்தாள்.

மன்னார்குடிப் பக்கம் அறுவடை இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த அறிவுச்செல்வனைப் போனில் பிடித்தாள். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, "அம்மா சொல்றதுலயும் ஒரு இது இருக்குல்ல. குழாய விட்டுப் பாத்துட்டா நிம்மதி" என்றான். யாருடைய நிம்மதி என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை கார்முகில் தன் பிளாஸ்டிக் மலத்தொட்டியில் உட்கார்ந்து எழுந்த பிறகு, வினோதா குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். நாலு டப்பாக்களை வரிசையாக வைத்தாள். மூடியோடு ஒட்டிய சின்ன ஸ்பூன் ஒவ்வொன்றிலும் இருந்தது. எழில்மதியின் மகன் பெயரை முதல் டப்பாவில் எழுதினாள். அடுத்த தெருப் பிள்ளைகள் இரண்டு பேருடைய பெயர்களை அடுத்த இரண்டில். நாலாவதற்குப் பெயர் தோன்றவில்லை, அதைக் காலியாகவே விட்டாள். பெயர் எழுதிய மூன்றிலும் மகளுடையதையே ஸ்பூனால் எடுத்துப் போட்டு மூடினாள். இதைவிட நேர்மையான டப்பா உலகத்தில் இல்லை என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அவர்கள்தான் நல்லா இருக்கிற பிள்ளையை நல்லா இல்லை என்று பொய் சொன்னார்கள். அவள் அதைத் திருத்துகிறாள், அவ்வளவுதானே. பொய்க்குப் பொய் சரியாகப்போகும். ஆனால் நாளைக்கு வேறெங்கோ ஒரு தாய் நிஜமாகவே புண்ணான குடலோடு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்போது, இந்த டப்பாக்களை வைத்துப் போட்ட கோட்டைப் பார்த்து, 'இயல்புதான், போம்மா' என்று அனுப்பிவிடுவார்கள். அந்தத் தாயின் முகம் எப்படியிருக்கும் என்று நினைக்காமலிருக்கத் தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். திரியை மட்டும் பார்த்தாள். படத்தைப் பார்க்கவில்லை.

மூன்று டப்பாக்களையும் காலியான நாலாவதையும் ஐஸ் பெட்டியில் வைத்து ஸ்கூட்டியை எடுக்கப் போனபோது வேலியோரமிருந்து குரல் வந்தது.

"நில்லு."

ஜஸீலா. தலையில் போட்ட துணியைப் பல்லில் கவ்வியிருந்தாள். கையில் ஒரு கறுப்புப் பை.

"உன் மாமியா எங்க?"

"குளிக்கிறாங்க."

"அப்ப சீக்கிரம் புடி. இந்த அசிங்கத்த, நஜீஸ, கையில வச்சிக்கிட்டு நிக்கிறேன்."

பைக்குள் ஒரு பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் ஒரு பேரீச்சம்பழ டப்பா. கழுவிக் காயவைத்தது. வினோதாவுக்குச் சட்டென்று எதுவும் விளங்கவில்லை.

"என்னக்கா இது?"

"எதைக் கேட்டுத் தெருத்தெருவா அலையுறியோ அதுதான். எல்லா வீட்டுலயும் கேட்ட. எம்வீட்ட மட்டும் விட்டுட்ட." அவள் குரலில் கனிவு எதுவும் இல்லை. "எழுதிக்க. மாஷா அல்லாஹ், எம்புள்ள நல்லா இருக்கான். போன மாசமும் நல்லாத்தான் இருந்தான். காய்ச்ச இல்ல, பேதி இல்ல. அந்த மாஷா அல்லாஹ்வையும் சேத்து எழுது."

"படிவத்துல அதுக்கு எடம் இல்லக்கா."

"எடம் பண்ணு."

வினோதா பேனாவை எடுத்தாள். ஓரத்தில், அச்சடித்த கோட்டுக்கு வெளியே, சொன்னபடியே எழுதினாள். ஜஸீலா எட்டிப் பார்த்து, எழுதியிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டாள்.

"ஒம்மேல உள்ள பாசத்துல குடுக்கல, தெரிஞ்சிக்க. நோன்பும் அதுவுமா எங்கொல்லையத் தோண்டிப் போட்டீங்க. எந்தொட்டியாலதான் உம்புள்ளைக்கு நோக்காடுன்னு ஊரெல்லாம் பேச்சு. ஒண்ணுமில்லன்னு ஒரு காயிதம் வந்தா எனக்கும் பழி போவும்." திரும்பிப் போகப் போனவள் நின்றாள். "உம்புள்ளைக்கு ஒண்ணுமில்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினம் என் கையாலதான திங்கிது."

வினோதா அவளையே பார்த்தாள்.

"அந்தா, முருங்கைக்குப் பக்கத்துல வேலியில ஓட்டை. இஃபாத்துக்கு ஊட்டுறப்ப வந்து கைய நீட்டும். இடியாப்பம் குடுப்பேன், மீன் ஆணம் குடுப்பேன், நேத்து ஈரல் குடுத்தேன். ரெண்டு மாசமா ஒரு நாள் வயித்தால போவல. போயிருந்தா உன் மாமியா ஊரக் கூட்டியிருக்காதா?"

வினோதாவின் வாயில் முதலில் வந்தது நன்றி அல்ல. "யாரக் கேட்டுக் குடுத்தீங்க? ஒண்ணு ஆயிருந்தா?"

"அல்லாவக் கேட்டுத்தான். பசிச்ச புள்ள ஓட்டையில கைய வுட்டுக்கிட்டு நிக்கிது, நான் ஒங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வந்தா குடுப்பாங்க? போ, போய் வேலையப் பாரு. நான் கையக் கழுவணும்."

அவள் போய்விட்டாள். கையிலிருந்த பேரீச்சம்பழ டப்பாவின் சூடு இன்னும் ஆறவில்லை. தன் பிள்ளை அழாமல் தூங்குவதற்குக் காரணம் தன் தாலாட்டு என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள் வினோதா. கோபமும் வெட்கமும் இன்னொன்றும் சேர்ந்து வந்தன. அந்த இன்னொன்றுக்கு என்ன பெயர் என்று தேட நேரமில்லை. பிறந்த வீட்டுக் கோயிலில் கும்பிட்டு நிமிரும்போது எப்போதாவது அப்படி வந்திருக்கிறது. ஐஸ் பெட்டியைத் திறந்து நாலாவது டப்பாவை எடுத்தாள். இஃபாத் என்று எழுதினாள். கொஞ்சம் எடுத்து மாற்றி மூடினாள். அதை வைப்பதற்கு இடம் பார்த்தபோது மற்ற மூன்றும் தன் கையெழுத்தில் மூன்று பெயர்களோடு மேலே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றைத் தள்ளி அதன் பக்கத்தில் இதை வைத்தாள். பெட்டியை மூடினாள். மூடியின் மேல் கையை வைத்தபடி நின்றாள். நாலு ஆகிவிட்டது. டாக்டர் கேட்ட நாலு.

பிறகு பெட்டியைத் திறந்து மூன்றையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் கழிவறைக்குப் போனாள். ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினாள். பெயர்களை நகத்தால் சுரண்டினாள். மை எளிதில் போகவில்லை. வெள்ளிக்கிழமை அப்படியே இருந்தது. குழாய் அப்படியே இருந்தது. ஒரே ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு டாக்டரிடம் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. அங்கே போய் உட்கார்ந்துவிடலாம். 'சார், ஒண்ணுதான். ஆனா நெஜம்' என்று சொல்லலாம். அவர் அதற்கு எழுதுவாரா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

கழிவறையை விட்டு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முருங்கை மரத்தடியில் கார்முகில் மண்டியிட்டிருந்தாள். வலது கை தோள்பட்டை வரைக்கும் வேலிக்குள் போயிருந்தது. கன்னம் வேலி மட்டையில் அழுந்தி, கண்ணை மூடிக் காத்திருந்தாள். எத்தனையோ நாள் பழகிய காத்திருப்பு அது. நாலடி பின்னால், குளித்த தலையில் துண்டோடு, இரண்டு கையிலும் கஞ்சிக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பூவாயி நின்றிருந்தாள். அவள் வாய் திறந்திருந்தது. அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. பிள்ளையின் கை உள்ளே வந்தது, விரல்கள் மடங்கி, ஏதோ வெள்ளையாகப் பிடித்துக்கொண்டு. இடியாப்பம். மீன் குழம்பு நனைந்து மணிக்கட்டில் வழிந்தது. கார்முகில் அதை வாயில் திணித்துக்கொண்டு திரும்பினாள், பாட்டியைப் பார்த்தாள், மென்றாள், ஓடவில்லை. பூவாயி ஓரடி எடுத்து வைத்தாள். குனிந்தாள். பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோய், அந்த வாயை முகர்ந்து பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் நின்றுபோயிருந்தது. இந்த முறை மாமியாரின் மூக்கு அவளுடைய வாயை முந்திக்கொண்டது. பூவாயி குனிந்தபடியே இருந்தாள். கையிலிருந்த கஞ்சியின் மேல் மெல்லிய ஆடை படியத் தொடங்கியது.